படர்க்கையும் முன்னிலையும்: கைக்குழந்தைகளுக்கு வாசிக்கும் தமிழ்ப் படநூல்களைத் தெரிவதற்கான அளவுகோல்

ஆய்வுச்சுருக்கம்

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வாய்விட்டு வாசிக்கத்தக்க தமிழ் நூல்களைத் தெரிவுசெய்யும்போது வயதுக்குறிப்பு, சொல்லெண்ணிக்கை, நீதிக்கருத்து ஆகியவையே அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. இவை தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குப் பொருந்துபவை. கைக்குழந்தை நூலைச் செவியால் பெறுகிறது, படிப்பவர் பெரியவர். ஆதலால் அச்சிட்ட தொடர் வாசிப்பவரின் நாவில் எவ்வாறு நிற்கிறது என்பதே முதன்மையான அளவுகோலாதல் வேண்டும். தமிழின் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் மிகுதியாக விலகும் இடம் படர்க்கை நிகழ்கால வினைமுற்று. மிகக் குறைவாக விலகும் இடம் முன்னிலை ஏவலும் விளியும். இன்றைய படநூல்கள் முன்னதைச் சார்ந்து நிற்க, தாலாட்டும் பிள்ளைத்தமிழும் பின்னதைச் சார்ந்து நின்றன. இவ்வேறுபாட்டை விளக்கி, நூல்தெரிவுக்கான வினாக்கள் சிலவற்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கைக்குழந்தை, படநூல், வாய்விட்டு வாசித்தல், இரட்டை வழக்கு, பிள்ளைத்தமிழ், ஏவல், விளி, இரட்டைக்கிளவி.

1. முன்னுரை

தமிழில் குழந்தை இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலிருந்தே தொடங்குகின்றன. ஆத்திசூடி முதலிய நீதிநூல்கள், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, அழ. வள்ளியப்பா ஆகியோரின் பாடல்கள், சிறுவர் இதழ்கள், சிறுவர் புதினங்கள் என அவ்வாய்வுகளின் வரிசை அமைகிறது. பள்ளிக்கு முந்தைய பருவம் பேசப்படும்போது அது தாலாட்டு என்னும் தலைப்பின்கீழ் நாட்டுப்புறவியலுக்கு உரியதாகிவிடுகிறது. இப்பகுப்பின் விளைவாக, பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான குழந்தைக்கு உரிய அச்சுநூல் என்னும் பொருள் இரு துறைகளுக்கும் இடையில் விடுபட்டு நிற்கிறது.

இவ்விடைவெளி இன்று நடைமுறைச் சிக்கலாக மாறியுள்ளது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2014இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, குழந்தை பிறந்தது முதலே வாய்விட்டு வாசிக்குமாறு பெற்றோருக்கு அறிவுறுத்த வேண்டும் என்றது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1992இல் தொடங்கிய ‘புக்ஸ்டார்ட்’ திட்டம் கைக்குழந்தையின் வீட்டிற்கு நூலைக் கொண்டுசேர்ப்பதையே பணியாகக் கொண்டது. இந்தியாவில் 1975 முதல் இயங்கும் அங்கன்வாடித் திட்டத்தில் முன்பருவக் கல்வி மூன்று முதல் ஆறு வயதினருக்கு உரியது. அதற்கு முந்தைய பருவத்தின் தூண்டல் செயல்களுக்கென ஒன்றிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024இல் ‘நவசேதனா’ என்னும் தேசியக் கட்டமைப்பை வெளியிட்டது. கைக்குழந்தைக்கு வாசிக்க வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெறுகையில், தமிழில் எதை வாசிப்பது என்னும் வினாவுக்குத் திறனாய்வு விடைகூற வேண்டியுள்ளது. அவ்விடை இல்லாத நிலையில் பெற்றோர் ஒன்று ஆங்கிலப் படநூலை நாடுவர். அல்லது பள்ளிப் பாடநூலின் குரலில் பேசும் ஒரு தமிழ் நூலை வாங்கிச் சில நாள்களில் மூடிவைப்பர். எவ்வழியாயினும், குழந்தையின் முதல் நூலனுபவத்தில் தமிழ் நூல் அயலானதாகிவிடும்.

2. வாசிப்பு நிலைகள் யாருக்கு உரியவை

தமிழ்க் குழந்தை நூல்களின் மேலட்டைகளில் காணப்படும் நிலைக்குறிப்புகள் வாசிக்கக் கற்கும் குழந்தையை மனத்தில் கொண்டவை. தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு நிலைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டோரிவீவர்’ தளமும் நூல்களை வாசிப்பு நிலைகளாகவே வகுக்கிறது. முதல் நிலை நூலில் சொற்கள் குறைவாகவும் தொடர்கள் குறுகியனவாகவும் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவருக்கு இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. நட, ஓடு என்னும் பெயர்கள் தளர்நடைக் குழந்தையின் இயக்கத்தை நினைவூட்டினாலும், அந்நூல்களை ஏந்தும் கைகள் பள்ளி மாணவருடையவை.

சிக்கல், இந்நூல்களே ‘மிகச் சிறியவர்க்கு உரியவை’ என்று கொள்ளப்பட்டுக் கைக்குழந்தையின் வீட்டிற்கும் சென்றுசேர்வதில் உள்ளது. சொல் குறைந்தால் வயதும் குறையும் என்னும் எண்ணம் இதன் அடிப்படை. எழுத்தின் எளிமையும் செவியின் எளிமையும் வெவ்வேறானவை. ‘பட்டாம்பூச்சி’ என்னும் சொல் எழுத்துக்கூட்டும் குழந்தைக்குக் கடினம்; ஒற்றுகளும் நெடிலும் மகரமும் அடுத்தடுத்து வருகின்றன. செவிக்கோ அச்சொல் ஒரு விளையாட்டு. முதல்நிலை நூலை எழுதுபவர் இதனை விலக்கி ‘ஈ’ என எழுதக்கூடும். அவ்விலக்கால் எழுத்தறியாத கைக்குழந்தைக்கு எந்தப் பயனும் இல்லை. ஓர் இனிய ஓசையை அது இழப்பதே மிச்சம்.

சொற்கட்டுப்பாடு ஓசையை அழித்தே தீரும் என்பதும் இல்லை. டாக்டர் சூஸ் 1957இல் வெளியிட்ட ‘தி கேட் இன் த ஹேட்’ என்னும் ஆங்கில நூல், தானே படிக்கத் தொடங்கும் குழந்தைக்காக வெறும் 236 வெவ்வேறு சொற்களைக் கொண்டு எழுதப்பட்டது. எனினும் அதன் சந்தமும் இயைபும் கேட்பவரை ஈர்ப்பவை. இந்நூலையே கருப்பையில் இருக்கும் குழந்தைக்கான சோதனை ஒன்றிலும் ஆய்வாளர்கள் பயன்படுத்தினர்.

3. முதலாண்டின் செவி

அந்தோனி டிகாஸ்பர், மெலனி ஸ்பென்ஸ் ஆகியோர் 1986இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கருவுற்ற தாயர் பேற்றுக்கு முந்தைய கடைசி வாரங்களில் ஒரே உரைப்பகுதியை நாள்தோறும் வாய்விட்டு வாசித்தனர். பிறந்த குழந்தைகள் முன்பு கேளாத பகுதியைவிட அப்பகுதியையே விரும்பிக் கேட்டன. வேறொரு பெண்ணின் குரலில் ஒலித்தபோதும் அவ்விருப்பம் மாறவில்லை. குழந்தை அடையாளங்கண்டது தாயின் குரலை மட்டும் அன்று. உரையின் ஓசையமைதியையும் கண்டது. பொருள் பிறப்பதற்கு முன்பே ஓசை பதிகிறது என்பதற்கு இது சான்று.

ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு தமிழுக்கு இன்னும் நெருக்கமானது. இந்தி மொழியின் நாவளை ஒலிக்கும் பல்லொலிக்கும் இடையிலான வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதங்களில் உணர்ந்தன; பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் அத்திறன் பெரிதும் குன்றியது. அம்மொழியையே கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது நிலைத்தது. டகரத்திற்கும் தகரத்திற்கும் இடையிலான இவ்வேறுபாடு தமிழிலும் உண்டு. அத்துடன் லகர ளகர ழகரங்களும் னகர ணகரங்களும் நாவின் நுட்ப வேறுபாடுகளால் பிரிபவை. எனவே முதலாண்டில் குழந்தை கேட்கும் தமிழ், பின்னர்க் கற்கப்போகும் மொழிக்கான முன்னுரையாக மட்டும் நில்லாமல், அதன் செவியையே வடிவமைக்கிறது. ‘பழம்’, ‘பள்ளம்’, ‘பல்’ ஆகியவை வேறுபட ஒலிக்கும் வாசிப்பு, ழகரம் ளகரமாக ஒலிக்கும் வட்டாரங்களில் குழந்தைக்குக் கூடுதல் வளமாகும்.

இதிலிருந்து நூல்தெரிவுக்கு ஒரு நெறி கிடைக்கிறது. கைக்குழந்தைக்கான நூல், தமிழின் ஓசை வேறுபாடுகளையும் ஒற்றிரட்டலையும் குறில்நெடில் மாற்றங்களையும் மீள மீளக் கேட்கச் செய்வதாதல் வேண்டும். இரட்டைக்கிளவி இதற்கு இயல்பான கருவி. இரட்டித்து நிற்பதன்றித் தனித்து வாராத சொல்வகையாக இதனைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் குறிக்கிறது. குடுகுடு, மொழுமொழு, கலகல, தடதட என்பன போன்ற வடிவங்கள் எழுத்து வழக்கிலும் பேச்சு வழக்கிலும் மாறாமல் ஒலிக்கின்றன. இம்மாறாமையின் இன்றியமையாமை அடுத்த பகுதியில் தெளிவாகும்.

4. இரட்டை வழக்கும் நிகழ்கால வினைமுற்றும்

தமிழில் வாய்விட்டு வாசிப்போர் எதிர்கொள்ளும் சிக்கல் ஆங்கிலத்தில் வாசிப்போருக்கு இந்த அளவில் இல்லை. ஆங்கிலப் படநூலின் தொடரைத் தாய் பெரிதும் தன் பேச்சின் வடிவிலேயே ஒலிக்க இயலும். ‘பூனை பால் குடிக்கிறது’ என்னும் தமிழ்த்தொடர் எந்த வீட்டிலும் அவ்வாறு பேசப்படுவதில்லை. அது ‘பூனை பால் குடிக்குது’ என்றே ஒலிக்கும். ‘அப்பா வருகிறார்’ என்பது ‘வர்றார்’ என்றோ ‘வராரு’ என்றோ ஆகும். இத்தகைய தொடரை வாசிப்பவர்முன் மூன்று வழிகள் உள்ளன. அச்சில் உள்ளவாறே ஒலித்தால் மடியிலிருக்கும் குழந்தையிடம் தாய் ஒரு மேடைக்குரலில் பேச நேர்கிறது. பேச்சாக மாற்றினால், ஒவ்வொரு முறையும் வடிவம் சற்றே மாறி, மீள்கேட்பின் பயன் குறைகிறது. மூன்றாவதாக, உரையை விட்டுவிட்டுப் படத்தைக் காட்டி ‘இங்க பாரு, யாரு இது?’ என்று பேசத் தொடங்கலாம்.

இம்மூன்றாம் வழி கவனத்திற்குரியது. வாசிப்பவர் நூலின் படர்க்கைத் தொடரைக் கைவிட்டு முன்னிலைக்கு மாறுகிறார். அம்மாற்றத்தை வாசிப்பின் தோல்வியாகக் கொள்வதைவிட, நூலின் குறையைச் சுட்டும் திறனாய்வாகக் கொள்வது பொருந்தும். குழந்தையை நோக்கிப் பேசாத ஓர் உரையை அவர் குழந்தையை நோக்கித் திருப்புகிறார்.

எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையிலான தொலைவு எல்லா இலக்கண வடிவங்களிலும் ஒரே அளவில் இல்லை. நிகழ்கால வினைமுற்றில் ‘கிறு’ என்னும் இடைநிலை பேச்சில் சிதைகிறது. வேற்றுமை உருபுகளிலும் விலகல் உண்டு; ‘வீட்டில்’ என்பது ‘வீட்ல’ ஆகிறது. முன்னிலை ஏவலில் நிலைமை வேறு. வா, தா, ஆடு, பாடு, சிரி, ஓடு, தட்டு ஆகியவை இரு வழக்கிலும் ஒன்றே. ‘பார்’, ‘நில்’ என்னும் மெய்யீற்று ஏவல்கள் உகரம் பெற்றுப் ‘பாரு’, ‘நில்லு’ என ஒலிக்கின்றன. ‘கொடு’ போன்ற சில சொற்கள் மட்டுமே உயிர் திரிகின்றன. விளியும் அவ்வாறே: கண்ணே, அம்மா, தம்பி, பாப்பா ஆகியவற்றில் இரு வழக்கிற்கும் வேறுபாடில்லை. ஒலிக்குறிப்புச் சொற்களும் இரட்டைக்கிளவிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

சிக்கலைத் தீர்க்கப் பேச்சுத்தமிழையே அச்சிடலாம் என்னும் கருத்தும் உண்டு. அதற்கு எதிராக எழும் முதல் வினா, எவருடைய பேச்சு என்பது. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்னும் ஒரு முற்று ‘வந்துட்டிருக்கான்’, ‘வந்துக்கிட்டிருக்கான்’, ‘வந்துண்டிருக்கான்’ எனப் பலவாறாகப் பிரிகிறது. இவற்றுள் ஒன்றை அச்சிட்டால் ஏனைய வட்டாரத்தினரும் சமூகத்தினரும் மீண்டும் அயலாராவர். ஈழத்துத் தாய்க்கும் கொங்குநாட்டுத் தாய்க்கும் நெல்லைத் தாய்க்கும் ஒருங்கே இயல்பாக அமையும் நூல் வேண்டுமெனில், வழக்குகள் விலகும் இடத்தைத் தவிர்த்து அவை கூடும் இடத்தில் தொடரை அமைப்பதே தக்க வழி. அவ்விடம் முன்னிலை ஏவலும் விளியும் ஆகும்.

5. பிள்ளைத்தமிழ் தரும் சட்டகம்

இவ்வழி தமிழுக்குப் புதியதன்று. பெரியாழ்வாரின் பாசுரங்களில் ஊன்றி, ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழில் தனி இலக்கிய வகையாக உருப்பெற்று, குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் உயர்நிலை எய்திய மரபு, குழந்தையை முன்னிலைப்படுத்திப் பாடும் மரபாகும். காப்பு நீங்கலான பருவங்களுள் பெரும்பாலானவை குழந்தையிடம் ஒரு செயலை வேண்டுகின்றன: செங்கீரை ஆடுக, கைகொட்டுக, முத்தம் தருக, வருக. அம்புலிப் பருவத்தில் முன்னிலை நிலவுக்கு மாறுகிறது. குழந்தையுடன் விளையாட வருமாறு நிலவு அழைக்கப்படுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தில் சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனச் சிறுமியர் குழந்தையிடமே முறையிடுகின்றனர். பாட்டுடைத் தலைவரின் புகழ் படர்க்கையில் விரிந்தாலும், பாடலின் முடிவு முன்னிலைக்கே திரும்புகிறது.

பருவங்களின் வரிசை குழந்தையின் உடல்வளர்ச்சியை ஒட்டியது. திங்கள் கணக்கில் பாட்டியல் நூல்களிடையே வேறுபாடு உண்டெனினும், ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் சப்பாணி, பதினோராம் திங்களில் முத்தம், ஓராண்டை ஒட்டி வருகை எனப் பெருவழக்காகக் கொள்வர். கைகளை ஊன்றித் தலைநிமிர்தல், கைகொட்டுதல், முத்தமிடுதல், தளர்நடையிட்டு வருதல் எனக் குழந்தை எதனைச் செய்யவல்லதாகிறதோ அதனையே பாடல் கேட்கிறது. இக்கால அட்டைநூல்களின் மேலட்டையிலுள்ள ‘0–3’ என்னும் ஒற்றைக்குறிப்பு இத்தகைய நுட்பத்தைத் தருவதில்லை. ஐந்து மாதக் குழந்தைக்கும் இரண்டரை வயதுக் குழந்தைக்கும் இடையிலுள்ள தொலைவு, ஏழு வயதினருக்கும் ஒன்பது வயதினருக்கும் இடையிலுள்ளதைவிடப் பெரிது.

பிள்ளைத்தமிழ்ச் செய்யுள்களையே கைக்குழந்தைக்கு வாசிக்கலாம் என்பது இதன் பொருளன்று. அவை புலமையுடையோர் கேட்பதற்காக யாக்கப்பட்டவை. தெய்வமோ அரசரோ குழந்தையாகப் பாவிக்கப்படும் பாடல்கள். எடுத்துக்கொள்ளத்தக்கது அவற்றின் சட்டகம்: குழந்தையை விளித்தல், அதன் உடலால் இயலும் ஒரு செயலை வேண்டுதல், அவ்வேண்டுதலை ஒவ்வொரு பாடலிலும் மீட்டல். தாலாட்டும் வீட்டுச் சிறுபாடல்களும் இச்சட்டகத்தையே எளிய சொற்களில் கையாள்கின்றன. சாய்ந்தாடச் செய்வன, கைவீசச் செய்வன, நிலவை அழைப்பன என அவற்றின் வகைகள் பருவப்பெயர்களோடு ஒத்துச்செல்வதை ஒப்பிட்டுக் காணலாம். நாட்டுப்புறவியலும் குழந்தை இலக்கிய ஆய்வும் தனித்தனியே நிற்பதால் இவ்வொப்புமை நூலாக்கத்திற்குப் பயன்படாமற் போயிற்று.

6. மொழிபெயர்ப்புப் படநூல்களின் ஓசை

உலகெங்கும் கைக்குழந்தைகளுக்கு வாசிக்கப்படும் ஆங்கில நூல்கள் பலவற்றின் உரையமைப்பும் இதே நெறியைக் காட்டுகிறது. மார்கரெட் வைஸ் பிரவுனின் ‘குட்நைட் மூன்’ (1947) முதலில் ஓர் அறையிலுள்ள பொருள்களை எண்ணிக் காட்டிப் பின்னர் ஒவ்வொன்றுக்கும் இரவு வணக்கம் கூறுகிறது. பில் மார்ட்டின் எழுதி எரிக் கார்ல் படம் வரைந்த ‘பிரவுன் பேர், பிரவுன் பேர், வாட் டூ யூ சீ?’ (1967) ஒவ்வொரு விலங்கையும் பெயர்சொல்லி அழைத்து, அது காண்பது எது என்று கேட்டு, விடைபெற்று, அடுத்த விலங்குக்குச் செல்கிறது. இரண்டும் கதை கூறுவதைவிட விளித்தலையே நம்பி நிற்பவை.

இத்தகைய நூலைத் தமிழாக்குவதில் சொல்லின் பொருளைவிட ஓசையே சிக்கலுக்குரியது. கரடியை அழைக்க ‘கரடியே’ என்னும் ஏகார விளியைக் கொண்டால் செய்யுட்சாயல் மிகும். ‘கரடி, கரடி’ என இயல்பு விளியாக இரட்டித்தால் வீட்டுப் பேச்சுக்கு நெருங்கும். நிறப்பெயரை ‘நீல நிறக் குதிரை’ என விரித்தால் தொடர் தளரும். ‘நீலக் குதிரை’, ‘பச்சைத் தவளை’, ‘மஞ்சள் வாத்து’ எனத் தொகுத்தால் இறுகும். இத்தொகையில் தோன்றும் ஒற்றுமிகுதல் இலக்கண விதியாக மட்டும் நில்லாமல், செவியில் தாளமாகவும் நிற்கிறது. சந்தி ‘குழந்தைகளுக்குக் கடினம்’ என்று கருதி ஒற்றை நீக்கும் பதிப்பு, வாசிப்போசைக்கே கேடு செய்கிறது.

இன்னொரு சிக்கல் இயைபு பற்றியது. ஆங்கிலச் சிறார் பாடலின் ஓசை அடியிறுதி ஒப்புமையைச் சார்ந்தது. அதனைப் பின்பற்றித் தமிழிலும் அடியிறுதியை ஒப்பச் செய்ய முயல்வோர் பலர். தமிழ்த்தொடர் வினைமுற்றில் முடிவதால் ‘-கிறது, -கிறது’ என்னும் ஒப்புமை முயற்சியின்றியே கிடைத்துவிடுகிறது. அத்தகைய இயைபு செவிக்குச் சலிப்பையே தரும். தமிழ்ச்செவி பெரிதும் பழகியது அடிமுதலில் வரும் மோனைக்கும் எதுகைக்கும். விடுகதையும் பழமொழியும் தாலாட்டும் இவற்றாலேயே நினைவில் நிற்கின்றன. ஒரு மொழிபெயர்ப்பு நூலை மதிப்பிடுவோர் அடியின் இறுதியைக் காண்பதற்கு முன் தொடக்கத்தைக் கேட்க வேண்டும்.

சொல்வளமும் இதனோடு தொடர்புடையது. விலங்குகளைப் பற்றிய அட்டைநூல்கள் இளமைப்பெயர் அனைத்தையும் ‘குட்டி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுதல் உண்டு. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப்பெயர்களைத் தொகுக்கிறது. அவற்றுட் பல வழக்கிறந்தன. எனினும் பசுவுக்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு, பூனைக்குக் குட்டி, கீரிக்குப் பிள்ளை என்னும் வேறுபாடு வீட்டுப் பேச்சில் இன்றும் உயிரோடு உள்ளது. பாட்டி அறிந்த சொல்லை நூல் அறியாதிருத்தல் குறையே.

7. ஒரு மறுப்பும் விடையும்

நூலின் மொழி வீட்டுப் பேச்சிலிருந்து வேறுபட்டிருப்பதே நூலின் பயன் என்று ஒரு மறுப்பு எழலாம். ஜெசிகா மொன்டாக் உள்ளிட்டோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலப் படநூல்களின் உரையில் குழந்தையிடம் பேசும் பேச்சைவிடப் பலவகைச் சொற்கள் இடம்பெறுவதைக் காட்டியது. எழுத்து வழக்கை முன்கூட்டியே கேட்கும் குழந்தை பள்ளியில் தடுமாறாது என்றும் வாதிடலாம்.

இம்மறுப்பில் வலுவுண்டு. ஆயினும் அவ்வாய்வு காட்டும் பயன் சொல்வகையின் பெருக்கத்திலிருந்து வருவது. ‘குடிக்குது’ என்பதற்கு மாற்றாகக் ‘குடிக்கிறது’ என ஒலிப்பதால் குழந்தைக்குப் புதிய சொல் எதுவும் கிடைப்பதில்லை. ஈறு மட்டுமே மாறுகிறது. ‘கன்றே, துள்ளு’, ‘அணிலே, கொறி’, ‘மயிலே, அகவு’ என்னும் முன்னிலைத் தொடர்களில் ஈறு இயல்பாகவே நிற்க, சொல் வளர்கிறது. சொல்லில் வளமும் ஈற்றில் அண்மையும் ஒருங்கே அமைவதையே தாலாட்டு காட்டுகிறது. படர்க்கைக் கதைகூறலுக்கும் அதன் எழுத்து வழக்கிற்கும் உரிய காலம், குழந்தை கதைத்தொடர்ச்சியைப் பின்பற்றத் தொடங்கும் இரண்டு, மூன்று வயதில் வருகிறது. அப்போது முன்னிலை நூல்களால் பழகிய செவி, அவ்வழக்கை அயலாகக் கொள்ளாது ஏற்பதற்கு வாய்ப்பு மிகுதி.

8. படமும் தாளும்

ஓசைக்கு முதன்மை தருவதால் படம் புறக்கணிக்கத்தக்கதாகிவிடாது. பிறந்த குழந்தையின் பார்வை ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. தொலைவிலேயே ஓரளவு தெளிவுறுகிறது. ஆகவே முதல் மாதங்களில் நெருக்கமான உருவம், மிகுந்த நிறவேறுபாடு, தெளிந்த விளிம்பு ஆகியவை வேண்டும். ஜூடி டிலோச் உள்ளிட்டோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் படத்திலுள்ள பொருளைக் கையால் பற்ற முயன்றன. பத்தொன்பது மாதக் குழந்தைகள் அதனைச் சுட்டிக்காட்டின. படம் என்பது ஒரு குறி என்னும் அறிவு இவ்விடைக்காலத்தில் உருவாகிறது. பின்னர் இவ்வாய்வுக் குழுவினர் நிகழ்த்திய ஆய்வுகள், உண்மையுருவை ஒத்த படங்களிலிருந்து குழந்தைகள் புறவுலகப் பொருளை எளிதில் இனங்காண்பதையும், இழுத்தும் திறந்தும் பார்க்கும் விளையாட்டு உறுப்புகள் சில வேளைகளில் கற்றலைத் திசைதிருப்புவதையும் காட்டின.

இதனால், முதல் படநூலில் முறம், உரல், சொம்பு, தென்னை, காகம் போன்று குழந்தை தன் வீட்டிலும் தெருவிலும் காணும் பொருள்கள் இடம்பெறுதல் நலம். எரிக் கார்லின் ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ (1969) நூலில் புழு தின்னும் பேரிக்காயும் பிளம்ஸும் ஸ்ட்ராபெரியும் தமிழகத்துச் சிற்றூர்க் குழந்தைக்குப் படமாகவே நின்றுவிடக்கூடும்; டொராண்டோவிலோ இலண்டனிலோ வளரும் தமிழ்க்குழந்தைக்கு அவை உணவு மேசையில் உள்ளவை. அந்நூலின் தாளில் விரல் நுழையும் துளைகளோ இரு குழந்தைகளுக்கும் பொது. ஒரே நூல் ஓரிடத்தில் அறிந்ததை உறுதிசெய்வதாகவும் வேறிடத்தில் அறியாததை அறிமுகம்செய்வதாகவும் அமைவதால், தெரிவு குழந்தையின் சூழலைக் கருதியே நிகழ வேண்டும்.

கைக்குழந்தை நூலைக் கடிக்கும், கசக்கும். தடித்த அட்டை, மழுங்கிய முனை, தீங்கற்ற மை ஆகியவை நூலின் புறத்தகுதிகள். எழுத்தறியாத தாத்தா பாட்டியரும் குழந்தையை மடியில் வைத்திருப்பவர்களே. அவர்களுக்குச் சொல்லில்லாப் படநூல் பொருந்தும். வாய்மொழிப் பாடல்களின் கருவூலமாக அவர்கள் இருப்பதால், அந்நூலின் உரையை அவர்களே அளித்துவிடுவர்.

9. தெரிவுக்கான வினாக்கள்

மேற்கண்டவற்றைத் தொகுத்து, ஒரு நூலை வாங்குமுன்னும் நூலகத்திற்குப் பரிந்துரைக்குமுன்னும் கேட்கத்தக்க வினாக்களாகப் பின்வருவனவற்றைக் கூறலாம்.

ஒன்று: நூலின் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கும்போது நாக்கு எத்தனை ஈறுகளை மாற்ற நேர்கிறது? மாற்றம் குறைந்த நூல் மடிக்கு ஏற்றது.

இரண்டு: உரை குழந்தையை நோக்கிப் பேசுகிறதா, குழந்தையின் தலைக்குமேல் எதையோ விவரிக்கிறதா?

மூன்று: மீள வரும் தொடர் உண்டா? அது பத்தாம் முறையும் ஒலிக்கத்தக்க தாளம் உடையதா?

நான்கு: கேட்கும் குழந்தை தன் உடலால் விடையளிக்க இடமுண்டா? கைகொட்டுதல், தலையசைத்தல், சுட்டுதல் ஆகியவை அதன் மறுமொழிகள்.

ஐந்து: இரட்டைக்கிளவி, ஒலிக்குறிப்பு, இளமைப்பெயர் முதலிய தமிழ்ச்சொல்வளம் உண்டா?

ஆறு: படம் குழந்தையின் மாத வயதுக்கும் அதன் வாழிடத்திற்கும் பொருந்துகிறதா?

இவற்றுள் முதலிரு வினாக்கள் ஒரே பக்கத்தை வாசித்தவுடன் விடை தருபவை. அவற்றிற்குத் தகாத நூல் ஏனைய தகுதிகள் பெற்றிருப்பினும், சில ஆண்டுகள் கழித்துக் குழந்தை தானே படிப்பதற்கென எடுத்துவைக்கத்தக்கது.

10. முடிவுரை

கைக்குழந்தைக்கான நூலைக் குழந்தை இலக்கியத்தின் மிக எளிய வடிவமாகக் கருதும் வழக்கம் மாற வேண்டும். அது படிப்பவரும் கேட்பவரும் வேறாக அமைந்த தனி வகை. அதனால் அதற்குத் தனி இலக்கணம் உண்டு. இரட்டை வழக்குடைய தமிழில் அவ்விலக்கணத்தின் மையம் இடமும் ஈறும் ஆகும். படர்க்கை நிகழ்காலத்தில் எழுதப்பட்ட நூலைத் தாய் ஒவ்வொரு முறையும் மொழிபெயர்த்தே வாசிக்கிறாள். முன்னிலையில் எழுதப்பட்ட நூலை அவள் தன் குரலிலேயே வாசிக்கிறாள். தாலாட்டிலும் பிள்ளைத்தமிழிலும் இவ்வுண்மை நெடுங்காலமாகப் பயின்றுள்ளது. நாட்டுப்புறவியல் திரட்டிய பாடல்களையும் மொழியியல் விளக்கும் வழக்கு வேறுபாடுகளையும் குழந்தை இலக்கியத் திறனாய்வு ஒருங்கே கருதினால், நூலாசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நூலகருக்கும் பயன்தரும் அளவுகோல் உருவாகும். எழுத்தறியுமுன்பே குழந்தை தமிழ்நூலைத் தன்னோடு பேசும் ஒன்றாக அறிவதற்கு அதுவே வழி.